படிக்க முடியாத எழுத்து

கே.சி.எஸ். பணிக்கரின் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களை நேற்றிரவு மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். 1963 வாக்கில் தொடங்கியவை. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுதான் பொறி என்பார்கள். ஜாதகக் கட்டம், மீன், பறவை, எந்த மொழியிலும் சேராத பொடி எழுத்து, எல்லாம் பளிச்சென்ற வண்ணத்தில் மிதக்கின்றன. யாராலும் வாசிக்க முடியாததை எழுத்துப் போலவே எழுதிவைத்த துணிச்சல் என்னை விடவே மாட்டேன் என்கிறது!

எங்கள் அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக்கு இப்படிப்பட்ட குறியீடுகள் புதிதே இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரே கல்லில் தாமரை வடிவில் நவக்கிரகம். பெரம்பலூர் காரைப் பகுதியில், கடல் இருந்த காலத்து அமோனைட் புதைபடிவச் சுருள்கள்.

அரியலூர், பெரம்பலூர் ஓவிய ஆசிரியர்களே, பணிக்கரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இயற்கைக்காட்சி வரைந்தது போதும். அந்தச் சுருளையும் கட்டத்தையும் அவர்கள் இஷ்டத்துக்கு வரையட்டும், பிடித்த நிறத்தில்.