அட்சதை விழும் நொடிக்கு எத்தனை பிட்?

கல்யாண வீடியோவை இப்போது போனுக்கே அனுப்பிவிடலாம். ஆனாலும் சாணார்பட்டி, கோபால்பட்டிப் பக்கம் "ஒரு டிவிடியும் போட்டுக் குடுத்துருங்க" என்று கேட்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2006-இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டியோடும், அதற்குத் தோதாகத் திண்டுக்கல்லில் வாங்கிய டிவிடி பிளேயரோடும் பழகிய வீடுகள். டிவி மாறியிருக்கும், பிளேயர் அதேதான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பேத்தி கல்யாணம் ஓட வேண்டும், பெரியவர்களுக்கு அவ்வளவுதான் கணக்கு. அதனால் என் கடைக்கு எந்த டிவிடி வேலை வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எந்த பிளேயர்ல போட்டுப் பாப்பீங்க?" என்பதைத்தான். என் கம்ப்யூட்டரில் ஓடுவதெல்லாம் சேர்த்தியே இல்லை.

அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. வெளியூர் ஸ்டுடியோ ஐஎஸ்ஓ ஃபைலை அனுப்பியிருக்கும். வீட்டுப் பையன் அதை இழுத்துப் போட்டு ரைட் பண்ணிவிட்டு, "அண்ணே, டிஸ்க்குல இருக்குன்னு காட்டுது, பிளேயர்ல ஓட மாட்டேங்குது" என்று வந்து நிற்பான். திறந்து பார்த்தால் உள்ளே ஒற்றை ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் கிடக்கும். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிவிடியை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை, செக்டாருக்கு 2,048 பைட் வீதம், வரிசை குலையாமல் எடுத்த நகல். அதை ஒரு ஃபைலாக டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்தால் பிளேயருக்கு ஒன்றும் புரியாது. செக்டார் செக்டாராக இறக்க வேண்டும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். விண்டோஸ் 7 வந்ததிலிருந்து ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தாலே 'பர்ன் டிஸ்க் இமேஜ்' இருக்கிறது. சரியாக இறங்கிய டிஸ்க்கில் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். படமும் ஒலியும் கலந்த விஓபி ஃபைல்கள், எது எங்கே இருக்கிறதென்று சொல்லும் ஐஎஃப்ஓ, அது படிக்க முடியாமல் போனால் கைகொடுக்க அதன் நகலான பியூபி எல்லாம் அதற்குள்ளே இருக்கும். பிளேயர் முதலில் தேடுவது ஐஎஃப்ஓவைத்தான்.

ரைட் பண்ணுமுன் கவனிக்க இரண்டு விஷயம். ஃபைல் அளவு 2,048-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்ப்பேன். வகுபடாவிட்டால் பாதி டவுன்லோடில் அறுந்துபோன ஃபைலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்தது, பென்டிரைவில் ஏற மறுக்கும் ஐஎஸ்ஓ. ஃபைலில் பழுது இருக்காது. பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் நிற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறிவிடும்.

எம்பி4 மட்டும் வந்தால் வேலை கூடுதல். டிவிடிக்கு எம்பெக்-2தான் வேண்டும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். போனில் 30 ஃபிரேமில் எடுத்ததை 25 ஆக்கும்போது, கேமராவைத் திருப்பிய இடமெல்லாம் தட்டித் தட்டிப் போகும். எடுக்கும்போதே 25-லோ 50-லோ எடுங்கள் என்று தம்பிகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

இதில் நான் அதிக நேரம் செலவிடுவது பிட்ரேட்டுக்கு. ஒரு லேயர் டிவிடியின் கொள்ளளவு 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.37 ஜிபி என்று காட்டும். இரண்டு மணி நேரப் படமென்றால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். பெண் அழைப்பு, முகூர்த்தம், சீர், மொய் என்று மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் அடைத்தால் மூன்றரைக்கு இறங்கிவிடும். அந்தக் குறை எங்கே தெரியும்? மொய் எழுதும் காட்சியில் தெரியாது. மேசையும் ஆளும் அசையாமல் இருப்பதால் எம்பெக்குக்கு அங்கே செலவில்லை. கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறி, நாலா பக்கமும் அட்சதை பறக்கிற நொடியில்தான் தெரியும். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் போகும். முந்தைய ஃபிரேமைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க எம்பெக்குக்கு வழியே இல்லை. பிட் பற்றாமல் படம் கட்டம் கட்டமாக உடையும், அதுவும் மணப்பெண் முகத்துக்கு மேலேயே. ஆயுசுக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிற நொடி அது. ஆகவே எப்போதும் டூ பாஸ்தான். முதல் ஓட்டத்தில் எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்று மென்பொருள் அளந்துகொள்ளும். இரண்டாவதில் மொய்க் காட்சியில் மிச்சம் பிடித்ததை அட்சதைக்குக் கொடுக்கும். உச்ச அளவை 8 மெகாபிட்டோடு நிறுத்துவேன். விதிப்படி 9.8 வரை போகலாம், ஆனால் லேசர் மங்கிய பழைய பிளேயர் அங்கே திணறும். மூன்று மணி நேரம் என்றால் இரண்டு டிஸ்க் ஆக்கிவிடுவேன்.

கொசவபட்டி ஜல்லிக்கட்டு மாதிரி வீடியோவில் தொல்லை வேறு மாதிரி. இன்டர்லேஸ் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டு. பழைய மினிடிவி டேப்பில் கீழ் ஃபீல்டு முந்தி வரும். எச்டி கேமராவில் மேல் ஃபீல்டு முந்தி வரும். அமைப்பில் அது புரண்டுவிட்டால் வாடிவாசலை விட்டுப் பாயும் காளை ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நடுங்கும். கம்ப்யூட்டர் இரண்டு ஃபீல்டையும் கலந்து காட்டிவிடுவதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும், டிவியில்தான் குட்டு உடையும். கடையில் ஒரு பழைய ட்யூப் டிவியை இன்னும் நான் எடைக்குப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ரைட் பண்ணுவதில் அவசரம் கூடாது. 16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸில் எழுதுவேன். அதற்காக 2எக்ஸுக்கு இறக்குவதிலும் பயனில்லை, டிஸ்க்கில் பூசிய சாயமே வேகத்துக்கென்று செய்தது. லேசர் உள்ளிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகும். பிழை கூடுவது வெளி விளிம்பில். அதனால் முழுக் கொள்ளளவையும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுவிடுவேன். பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர்தான் பத்திரம். ஃபைனலைஸ் பண்ணாமலும் வெரிஃபை ஓட்டாமலும் ஒரு டிஸ்க்கும் கடை தாண்டாது. பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. சுழலும்போது ஒரு பக்கம் பாரம் இழுக்கும்.

நல்ல டிஸ்க் கிடைப்பதே இப்போது அரிதாகிவிட்டது. நாங்கள் கட்டுக் கட்டாக வாங்கிய மோசர்பேர் டிஸ்க்கின் கம்பெனியே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. ஆகவே இப்போது பழைய கல்யாண டிஸ்க்கோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக்கொடுப்பது ஐஎஸ்ஓ. நேரே எம்பி4 ஆக்கினால் மெனு போகும், சாப்டர் போகும், மறு கம்ப்ரஷனில் படமும் ஒரு படி இறங்கும். ஐஎஸ்ஓவில் டிஸ்க்கில் இருந்தது அத்தனையும் இருக்கும். போனுக்கு எம்பி4 வேண்டுமா, தாத்தாவுக்குப் புது டிஸ்க் வேண்டுமா, இரண்டையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்கில் கீறல் விழுவதற்குள் கொண்டு வாருங்கள்.