பிறர் கைபட்ட வண்டி

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியைப் பிரிப்பது பெரிய வித்தை அல்ல. எந்த நட்டை முதலில் கழற்றுவது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் படம் போட்டுப் புத்தகத்தில் இருக்கும். பொறுமையும் சுத்தமான கையும் போதும். மூன்று நான்கு பேர் கைமாறி, ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு மாற்றியமைத்த வண்டி வந்து நிற்கும்போதுதான் தொழில் தெரிந்தவனும் யோசிக்கிறான். புத்தகம் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது.

வாழ்க்கையில் நாம் கையேற்பதில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. வீடு, கடை, உத்தியோகம், சம்பந்தம், எல்லாமே நமக்கு முன்னால் யாரோ புழங்கி, இழுத்து, ஒட்டுப்போட்டு வைத்தவை. ஒரு காரின் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிய வேலையைப் பற்றி இத்தனை விரிவாக எழுதத் தோன்றியது அதனால்தான்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் தொழில் பழகி, சிட்னியின் மேற்குப் புறநகரில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் என்றால் உயிர். 1983இல் ஆலன் மொஃபாட் ஆர்எக்ஸ்-7 ஓட்டி ஆஸ்திரேலிய டூரிங் கார் சாம்பியன் ஆனார். 1991இல் நான்கு ரோட்டர் பூட்டிய மாஸ்டா 787பி, பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலில் வந்தது. இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்த பையன்களில் ஒருவன் என் நண்பரின் மகன். தொண்ணூறுகளில் வந்த ஆர்எக்ஸ்-7 ஒன்றை வாங்கியிருந்தான். "மாமா, பெட்ரோல் வாடை வருது. மேனிஃபோல்டைக் கழட்டணும். நீங்க கூட நின்னா போதும்" என்றான். இந்த வண்டியில் பிரைமரி இன்ஜெக்டர்கள் மேல் மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்து கிடக்கும். அவற்றின் ரப்பர் வளையங்களைப் பார்க்க வேண்டுமென்றால், காற்றைப் பிரித்து இன்ஜினுக்கு அனுப்பும் அந்த அலுமினிய வார்ப்பைத் தூக்கியே ஆக வேண்டும்.

இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பு சற்றே ஒடுங்கிய கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. காற்று வரும் வாசலை ரோட்டரின் பக்கமே திறக்கிறது, மூடுகிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சீல் இருக்கும். இன்ஜினின் உயிர் அந்த மெல்லிய தகட்டில்தான்.

யோசித்துப் பார்த்தால் இந்த இன்ஜினே பிறர் கைபட்டு வந்ததுதான். ஃபெலிக்ஸ் வாங்கெலின் முதல் இன்ஜின் 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியில் ஓடியபோது ரோட்டரும் சுற்றியது, கூடும் சுற்றியது. ஸ்பார்க் பிளக்கை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை நிறுத்திவிட்டு ரோட்டரை மட்டும் சுற்றவிட்டார். 1958இல் அது ஓடியது. வாங்கெலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. உலகம் எடுத்துக்கொண்டதோ பாஷ்கே மாற்றியதைத்தான். 1961இல் ஹிரோஷிமாவின் மாஸ்டா அதற்கு உரிமம் வாங்கியது. ஓட்டிப் பார்த்தால், சீல் முனை கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறிவிட்டிருந்தது. பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் அந்தக் கீறலின் முன்னால் உட்கார்ந்தார்கள். சீல் ஏன் அதிர்கிறது என்று கண்டுபிடித்து, முதலில் சீலுக்குள் துளையிட்டு அதிர்வை மாற்றிப் பார்த்து, பிறகு கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. வாங்கி வந்த சரக்கு குறையுள்ளது என்று மூலையில் போட்டிருந்தால் யாரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

பையன் வந்தவுடனே சாக்கெட் செட்டைத் திறந்தான். இன்றைக்கு ஸ்பேனரைத் தொடாதே என்றேன். முதலில் எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ. பிறகு ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரே எண். இந்த இன்ஜினில் காற்று நுழையும் பக்கமே புகையும் போகிறது. டர்போ கீழே கனன்றுகொண்டிருக்க, மேலே ரப்பர் குழாய்கள் வருஷக்கணக்கில் வெந்து கட்டையாகிவிடும். பிடித்து இழுத்தால் குழாயோடு சோலனாய்டின் பிளாஸ்டிக் மூக்கும் உடைந்து வரும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுக்க வேண்டும். புதுக் குழாய்க்குக் காசு கொஞ்சம்தான்.

அடுத்த நாள் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கினோம். திராட்டில் பாடிக்குள் கூலன்ட் ஓடுவதால் அதையும் கொஞ்சம் வடித்துக்கொண்டோம். இதெல்லாம் புத்தகத்தில் உள்ள வேலை.

புத்தகத்தில் இல்லாதது அதற்குப் பிறகு வந்தது. கம்பெனி கொடுத்தது இரண்டு டர்போ. முதலாவது கீழ் வேகத்திலேயே வேலை செய்யும். நிமிஷத்துக்கு 4,500 சுற்று வாக்கில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். அந்த ஏற்பாட்டுக்காகவே மேனிஃபோல்டின் அடியில் இடியாப்பச் சிக்கலாகக் குழாய்கள். இந்த வண்டியில் யாரோ இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே பெரிய டர்போ வைத்திருந்தார்கள். ஆகவே பல குழாய்களுக்கு வேலை போய்விட்டது. ஒன்றின் வாயில் ஸ்க்ரூவைத் திணித்துக் கட்டியிருந்தது. இன்னொன்று மேனிஃபோல்டின் ஓரத்தில் புறப்பட்டு, வயர் கட்டோடு சேர்ந்து பின்னால் போய், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டின் ஓட்டைக்குள் மறைந்தது.

"இதுவும் வேஸ்ட்தான் மாமா, வெட்டிடலாமா?"

உள்ளே போய்ப் பார் என்றேன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். பழைய சொந்தக்காரர் கம்பெனிக் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு வெளிக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தார். காற்றழுத்தம் அளக்கும் சென்சார் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அந்தக் குழாய் அதற்குத்தான் போகிறது. அதை வெட்டியிருந்தால் டர்போ எத்தனை அழுத்தினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது; பெட்ரோல் குறைவாகத்தான் விடும். அரைகுறைக் கலவை தாறுமாறாக வெடிக்கும். 2 மில்லிமீட்டர் சீல் அதைத் தாங்காது.

சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத குழாய். நமக்குக் காரணம் தெரியவில்லை என்பதற்காக ஒன்றை வேண்டாதது என்று சொல்லும் அவசரம் இளம் வயதில் எல்லோருக்கும் வருகிறது. வயதானவர்களுக்கும் வருகிறது. ஊரில் என் அக்கா வீட்டில் அத்தான் காலமானபோது, அவர் மாதாமாதம் ஒரு பெயருக்கு மணியார்டர் அனுப்பி வந்தது தெரிந்தது. சம்பந்தமில்லாத பெயர். பிள்ளைகள் நிறுத்திவிடலாம் என்றார்கள். அக்கா அசையவில்லை. "யாருன்னு தெரியட்டும், அப்புறம் நிறுத்தறதோ வைக்கிறதோ" என்று சொல்லி அந்த மாசமும் அனுப்பினாள். பிறகு விசாரித்தால், லேத்துப் பட்டறையில் அத்தானோடு பங்கு போட்டவரின் மனைவி. பங்குதாரர் போன பிறகு அவர் பங்குக்கான லாபத்தை அத்தான் எழுத்தில் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா ஒரு சொல்லும் பேசாமல் தொடர்ந்தாள்.

அதற்காக முன்னவர் செய்ததெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. வாயில் ஸ்க்ரூ திணித்த அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். பழைய ஏற்பாட்டின் மிச்சம். ரப்பர் வெடித்துக் காற்றுக் கசியும் நிலை. எடுத்துவிட்டு, துவாரத்துக்கு முறையான மூடி போட்டோம். தெரிந்துகொண்டு எடுப்பதில் தயக்கமே கூடாது.

நட்டும் போல்ட்டும் எல்லாம் வந்த பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லை. பையன் பெரிய ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்பப் போனான். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் பேக்கிங் எத்தனை புதிதாக இருந்தாலும் காற்றை நிறுத்தாது. "வரலைன்னா இன்னும் ஒரு போல்ட் இருக்குன்னு அர்த்தம்" என்றேன். கண்ணாடியை உள்ளே விட்டுத் தேடினான். பின்பக்கம், கை மட்டுமே போகிற இடத்தில், பழைய சொந்தக்காரர் தானே செய்து பூட்டிய ஒரு தாங்கி. அந்த ஒரு போல்ட் கழன்றதும் மேனிஃபோல்டு இரண்டு கையில் தானாக எழும்பி வந்தது. வேலையிலும் சரி, மனிதர்களிடத்திலும் சரி, பிடிவாதம் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் நாம் பார்க்காத ஒரு பிடி இருக்கிறது.

தூக்கியதும் முதல் வேலை, திறந்த வாசல்களைச் சுத்தமான பனியன் துணியால் அடைப்பது. இங்கே வால்வு என்ற காவல் இல்லை. விழுந்த பொருள் சில சமயம் நேராக ரோட்டரிடமே போய்விடும். வேறொரு பட்டறையில் உள்ளே விழுந்த வாஷரோடு ஸ்டார்ட் செய்யப்பட்ட இன்ஜின் ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. சீல் மூன்று துண்டு, கூட்டின் உட்சுவரில் ஆழமான பள்ளம். போடும் துணியையும் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும்.

மேனிஃபோல்டு போன பிறகுதான் இன்ஜினின் முன்பக்கம் கீழே வரை தெரிந்தது. ஆயில் மீட்டரிங் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு மூடியிருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. ரோட்டரி இன்ஜினில் சீல்களுக்கு எண்ணெய் கொடுப்பதே அந்தப் பம்ப்பின் வேலை. அதை எடுத்துவிட்டால் பெட்ரோல் போடும்போதெல்லாம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கையால் கலக்க வேண்டும். லிட்டருக்கு ஏழெட்டு மில்லியாவது. மாற்றியவர் கலந்துகொண்டிருந்திருப்பார். அவரிடமிருந்து வாங்கியவருக்குச் சொல்லியிருக்கலாம். பையனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் வாங்கியதிலிருந்து வெறும் பெட்ரோல்தான் போட்டு வந்திருக்கிறான். வண்டியை அதிகம் ஓட்டாததால் தப்பியது.

இன்ஜெக்டர் வளையங்கள், புதுக் குழாய்கள், புது பேக்கிங் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பூட்டினோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, இன்ஜெக்டர் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது.

பையனை ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னேன். எந்தக் குழாய் எங்கே போகிறது, எதை எடுத்தோம், எதை மூடினோம், தாங்கியின் போல்ட் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் படம் போட்டு எழுதினான். பெட்ரோல் மூடியின் உட்பக்கம் பெயின்ட்டால் "ஆயில் கலக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதவும் சொன்னேன். "விற்கப் போனா இதைப் பார்த்து விலை குறைப்பாங்களே மாமா" என்றான். குறைத்தால் குறைக்கட்டும் என்றேன். சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்தான்.