மேட்டில் மட்டும் வரும் வருத்தம்

கராஜ் வாசலுக்குப் போனதும் எங்க கார் நல்ல பிள்ளையாகிவிடும். டொக்டரின் விறாந்தையில் உட்கார்ந்ததும் பல்வலி காணாமல் போகுமே, அந்த மாதிரி. பாஸ் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே ஐயா" என்பார். அப்பா தலையைச் சொறிவார். திரும்பி வரும்போது ஹிந்தகல தாண்டி மேடு தொடங்கும். நாலு பேர் உள்ளே. முன்னால் போன பஸ் நிற்கும், நாங்களும் நிற்போம். பஸ் கிளம்பும், எங்களால் முடியாது. எஞ்சின் முக்கும், கார் நகராது.

1998 டொயோட்டா கொரோலா அது. ஓட்டோ கியர், முன்னுக்குப் போக நாலு கியர். அப்பா தோட்டத்து ஒபிஸில் இருந்து பென்ஷன் ஆன பிறகு இதை வைத்துத்தான் ஹயர் ஓடுகிறார். ஹயர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கலஹா பக்கத்து ஆட்களை பேராதனை ஆஸ்பத்திரிக்கும் கண்டி ஆஸ்பத்திரிக்கும் கிளினிக் கூட்டிப் போவது, கூட்டி வருவது. முட்டுவலிக்காரர்கள், கண் ஒப்பரேஷன் செய்தவர்கள், பஸ்ஸில் நின்று வர முடியாதவர்கள்.

2024 கடைசி மழையில் ஒரு நாள், டிஸ்சார்ஜ் ஆன பாட்டி ஒருவரை ஏற்றி வரும்போது வண்டி மேட்டில் நின்றுவிட்டது. பாட்டியின் மகன் இறங்கித் தள்ளினார். தையல் போட்ட வயிறோடு பாட்டியும் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாராம், பாரம் குறையட்டும் என்று. அன்றைக்கு ராத்திரி அப்பா, "இனி ஆஸ்பத்திரி ஹயர் எடுக்கமாட்டேன்" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு கார் வாங்கலாமே என்று கேட்பவர்கள் அப்போது இந்த நாட்டில் இருந்தார்களா தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இருபது வருஷப் பழைய கார்கள் எல்லாம் வாங்கின விலையைவிடக் கூடப் போயின. இருக்கிறதைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

முதல் கராஜ் கண்டி டவுனுக்குப் பக்கத்தில். அவர் ஓட்டிப் பார்த்தார், கியர் ஒயிலைத் தொட்டு மணந்தார், பெட்டரியின் ஒரு முனையைக் கழற்றி ஐந்து நிமிஷம் விட்டு மாட்டினார். "கம்பியூட்டர் ரீசெட் ஆகிடும்" என்றார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை. மறுபடி போனபோது, "பெட்டி முடிஞ்சிருச்சு ஐயா, ஜப்பான் பெட்டி ஒண்ணு போடணும், 185,000 வரும்" என்றார். முதலில் ஒன்றும் இல்லை, பிறகு எல்லாம் முடிந்தது. நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாவது ஆள் த்ரொட்டில் கேபிளை இறுக்கினார். அதில் நியாயம் இருக்கிறது. இந்த வகைப் பெட்டிகளில் அந்தக் கேபிள்தான் எக்ஸலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று பெட்டிக்குச் சொல்லி, உள்ளே ஒயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். தளர்ந்திருந்தால் கியர் வழுக்கும், இறுகியிருந்தால் இடிக்கும். ஆனால் எங்க பிரச்சினை வழுக்கலும் இல்லை, இடியும் இல்லை. வண்டி இழுக்கவே இல்லை. ஸ்கேனரையும் கொண்டுவந்து மாட்டப் பார்த்தார், மாட்ட இடமே இல்லை. அமெரிக்காவில் 1996 மொடல் கார்களிலிருந்தே பொதுவான ஸ்கேன் சொக்கெட் கட்டாயம். ஜப்பானுக்குள்ளேயே ஓடவென்று செய்த அந்தக் காலத்துக் கார்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்ம ரோட்டில் ஓடும் ரீகண்டிஷன் கார்கள் அந்த இனம்.

இந்த இரண்டு பேரிடமும் பேசியது அப்பா. பின் சீட்டில் இருந்த அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "அந்த மஞ்ச லைட்டு மினுங்குதுங்க." அப்பா, "அது ஓவர்டிரைவ் பட்டன், கை பட்டிருக்கும்" என்பார். பாஸ் சிரிப்பார். நானும் கேட்கவில்லை. லேடீஸ் சொன்னால் காதில் ஏறாது என்று கெம்பஸில் கருத்தரங்கு வைத்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்த நானும்தான்.

பிறகு நான் செய்ததெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் காருக்குள் போட்டதுதான். திகதி, நேரம், இடம், மேடா சமமா, எத்தனை பேர், கிளம்பி எத்தனை நிமிஷம், மழையா, லைட் மினுங்கியதா. பதினொரு நாள் அப்பா ஓட்டினார், அம்மாவோ நானோ எழுதினோம். ஒன்பது முறை வந்தது.

அதற்கு முன் எங்களிடம் இரண்டு கதைகள் இருந்தன. அப்பாவின் கதை: சூடானால் வருது. என் கதை: மழைக்கு வருது. கொப்பி இரண்டையும் உடைத்தது. ஒரு நாள் விடிகாலை, கிளம்பி ஐந்தே நிமிஷத்தில், ஒயில் சூடாகும் முன்பே, லயத்துக்கு ஏறும் சரிவில் வந்தது. வெயில் நாட்களில் மூன்று முறை வந்தது. கொட்டும் மழையில் கெட்டம்பேயிலிருந்து கண்டி வரைக்கும் ஊர்ந்த நாளில் வரவே இல்லை. ஒன்பதுக்கும் பொதுவாக இருந்தது இதுதான்: மேடு, பாரம், நின்ற இடத்திலிருந்து கிளம்புதல். இன்னொன்று, அம்மாவின் கட்டத்தில் ஒன்பது இடத்திலும் "மினுங்கியது". சாவியை மூடித் திறந்தால் லைட்டும் போய்விடும், வருத்தமும் போய்விடும்.

கொப்பியோடு மூன்றாவதாகப் போனது கெலிஓயா பக்கத்தில் ஒரு வயசான எலெக்ட்ரிக் பாஸிடம். சிங்களத்தில்தான் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வி "என்ன பிரச்சினை" இல்லை. "எந்த மேடு?" அப்பா வாயைத் திறக்குமுன் நான் கொப்பியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுப் பக்கத்தையும் வாசித்தார். "பெட்டரியைக் கழற்றினீங்களா?" முதல் கராஜில் கழற்றினார்கள் என்றேன். "அதுக்குப் பிறகு?" இல்லை. "நல்லது துவே, அப்ப ஞாபகம் இருக்கும்."

ஞாபகம் காருக்கு. இந்தப் பெட்டியை நடத்தும் கம்பியூட்டர், ஏதாவது ஒரு வயர் ஒரு நொடி அறுந்தாலும் அதற்கு ஒரு நம்பர் போட்டு வைத்துக்கொள்ளும். வயர் மறுபடி தொட்டு, கார் ஒழுங்காக ஓடினாலும் நம்பர் அழியாது. பெட்டரியைக் கழற்றினால் அழியும். அதாவது முதல் கராஜில் எடுத்தவுடன் செய்த வைத்தியம், இருந்த ஒரே சாட்சியின் வாயை அடைத்தது.

பொனட்டைத் திறந்து, பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். டீஈ1, ஈ1 என்று எழுதிய இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தார். (வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதை வாசிக்காமல் குத்திவிடாதீர்கள், பிழையான துளை செலவில் முடியும்.) ஓவர்டிரைவ் பட்டனை ஒன் நிலையில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினார். அம்மா சொன்ன அதே மஞ்சள் லைட் மினுங்கத் தொடங்கியது. ஒரே சீராக மினுங்கினால் பிரச்சினை இல்லை. எங்களுடையது ஆறு முறை மினுங்கி, மூச்சு விட்டு, இரண்டு முறை. 62.

62 என்றால் முதலாம் ஷிஃப்ட் சொலினொயிட் சர்க்கிட். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எனக்கு எல்லாம் விளங்கியது இந்த இடத்தில்தான்.

ஓட்டோ பெட்டிக்குள் கியரைப் பிடிப்பது ஒயில் அழுத்தம். அந்த ஒயில் எந்தப் பக்கம் போகணும் என்று திருப்பிவிடுவது மின்சாரத்தில் வேலை செய்யும் இரண்டு சின்னக் குழாய்கள், அவைதான் சொலினொயிட். முதல் கியருக்கு ஒன்றாவது ஒன், இரண்டாவது ஓஃப். இரண்டாம் கியருக்கு இரண்டும் ஒன். மூன்றுக்கு ஒன்றாவது ஓஃப், இரண்டாவது ஒன். நாலுக்கு, அதாவது ஓவர்டிரைவுக்கு, இரண்டுமே ஓஃப்.

ஒன்றாவதின் வயர் அறுந்தால் என்ன ஆகும்? முதலும் இரண்டும் போச்சு. கம்பியூட்டர் சமாளித்து மூன்றாம் கியரைக் கொடுக்கும். டீயில் போட்டு மிதித்தால் கார் மூன்றில் கிளம்பும். நாலு பேரோடு ஹிந்தகல மேட்டில் மூன்றில் கிளம்பிப் பாருங்கள். ஆனால் வேகமெடுத்துப் போகும்போது எப்படியும் மூன்றும் நாலும்தான், அங்கே அந்த வயருக்கு வேலையே இல்லை. அறுந்திருந்தாலும் இருந்தாலும் ஒன்றுதான். பாஸ்மார் ஓட்டிப் பார்த்த பேராதனை ரோடு சமதரை, உள்ளே ஒரே ஆள். அங்கே இந்த வருத்தம் தெரிய வழியே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. வருத்தம் இல்லாத இடத்தில் தேடியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இன்னும் 185,000 மனசில் நின்றது. "பெட்டி முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே." அதற்குப் பாஸ் வாயால் பதில் சொல்லவில்லை. பெட்டிக்குப் போகும் சொலினொயிட் பிளக்கையே கழற்றிவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றார். மின்சாரமே இல்லாமல்! இந்தப் பெட்டிகள் அப்படியும் ஓடும்: லிவரை எல்லில் போட்டால் முதல் கியர், 2இல் போட்டால் மூன்று, டீயில் போட்டால் ஓவர்டிரைவ். கராஜுக்குப் பின்னால் உள்ள மேட்டு ரோட்டில் எல்லைப் போட்டு, எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு அப்பா மிதித்தார். கோவேறு கழுதை மாதிரி இழுத்துக்கொண்டு ஏறியது. மேலே சமதரையில் 2, பிறகு டீ. எல்லாம் சொன்னபடி. இரண்டாம் கியரை இந்தச் சோதனை காட்டாது, ஆனால் பெட்டி செத்துப்போகவில்லை என்பதைக் காட்டிவிட்டது. பிளக்கைக் கழற்ற ஒரு நிமிஷம், ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம். 185,000 சொல்வதற்கு முன் அந்தப் பதினொரு நிமிஷத்தைச் செலவழித்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு மீட்டர். பெட்டிப் பக்கம் அளந்தால் 12.8 ஓம், 11க்கும் 15க்கும் இடையில் இருந்தால் சரி. ஆக சொலினொயிடும் நல்லது. கம்பியூட்டர் பக்கத்திலிருந்து அளந்தாலும் 13. எல்லாம் நன்றாக இருக்கிறது! மறுபடி "ஒண்ணும் இல்லையே" என்ற இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பாஸ் கொப்பியை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். மேடு, பாரம், கிளம்புதல். "அந்த நேரத்தில எஞ்சின் என்ன செய்யும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "சாயும்" என்றார். கடப்பாரை மாதிரி ஒரு கட்டையை எஞ்சினுக்குக் கீழே கொடுத்து, வேலைக்கு நின்ற தம்பியை மெதுவாக நெம்பச் சொன்னார். மீட்டர் முகத்தில் 13, 13, 13, திடீரென்று ஒன்றும் இல்லை. கட்டையை விட்டால் 13.

எஞ்சின் மவுண்ட் ஒன்றின் ரப்பர் கிழிந்திருந்தது. பாரத்தோடு மேட்டில் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சாய்ந்து, பெட்டரித் தட்டுக்குக் கீழே நெருக்கிக் கட்டியிருந்த வயரை இழுத்திருக்கிறது. வெளியே தோல் நன்றாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தத் துண்டை வெட்டி என் கையில் தந்தார். விரல் நீளம். வளைத்தால் ஒரு இடத்தில் மட்டும் கொழகொழவென்று மடியும்.

புது வயர்த் துண்டு, பழைய பார்ட்ஸ் கடையில் எடுத்த மவுண்ட், கூலி, எல்லாம் 11,000. அப்பா இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். பாஸ் காசை வாங்கும்போது அம்மாவைப் பார்த்து, அந்த லைட்டை முதலில் கண்டது யார் என்று கேட்டார். அம்மா கொஞ்சம் வெட்கத்தோடு, "நான்தான், ஆனா யாரும் கேக்கல" என்றார். அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை அப்பாவுக்கு வந்தது. சொல்லிக்கொடுத்தார், முழுசாக.

ஆஸ்பத்திரி ஹயர் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. ஆட்கள் இல்லாத நாட்களில் அம்மா இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறார்.

கொப்பி இன்னும் காருக்குள் இருக்கிறது. புதுப் பக்கத்தில் இதுவரை மூன்று வரி: காலை 6.10, குளிர், சமதரை, ஒரே ஆள், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு தட்டு. லைட் மினுங்கவில்லை.