ஆறு மாதக் கெடுவும் தொண்ணூறு நாள் கெடுவும்

வேளச்சேரியில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர்களில் பாதிப்பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். "சார், பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கிற உங்க அக்கா மகனுக்கு இங்கே வீட்டுக் கடன் கெடைச்சுதாமே, எப்படி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒருமுறை சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது. அத்தான் போனபின் பாரிஸ் பக்கத்தில் மகனோடு இருந்தாள். போன வருஷம் போனில், "தம்பி, இந்தக் குளிர் இனி எனக்கு ஆகாது. உன் பக்கத்துல வந்து இருந்துடறேன்" என்றாள். மகனும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற்று இங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னான். விஜயநகரில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஃபிளாட் அமைந்தது. முழங்கால் வலிக்குத் தரைத்தளம்தான் வசதி. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எவன் வேளச்சேரியில் தரைத்தளம் வாங்குவான்? லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இரண்டாவது மாடி என்று முடிவு செய்தோம். ஐந்து லட்சம் முன்பணம், தொண்ணூறு நாளில் கிரயம், தவறினால் முன்பணம் போச்சு என்று ஒப்பந்தம் எழுதினோம்.

அவனுக்கு விடுப்பு முடிந்துவிட்டது. பாரிஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் என் பெயருக்குப் பவர் எழுதி அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இல்லையென்றால் சிக்கல். அதை முதல் வேலையாக முடித்தேன். பிறகுதான் வங்கிப் படி ஏறினேன்.

வங்கியின் பெயர் வேண்டாம். மேஜையில் இருந்த பையன் மரியாதையான பிள்ளைதான். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். "சார், இந்திய வம்சாவளின்னு காட்ட அவரோட பழைய இந்திய பாஸ்போர்ட் வேணும். இல்லேன்னா அப்பா, அம்மாவோடது."

"தம்பி, அவங்க மூணு பேருமே இந்திய பாஸ்போர்ட்டைக் கையால தொட்டதில்லை" என்றேன்.

"அப்போ அவங்க எப்பவுமே இந்தியர் இல்லையே சார்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் கேட்டது தப்பில்லை. நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ல்தான். அதுவரை அங்கே பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு ஒப்பந்தம் ஆறு மாதக் கெடு கொடுத்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதவர்கள் தாமாகவே இந்தியர். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவே முடிவு. அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். மறுபடி அங்கே போய்ப் பிழைக்கலாம் என்று அவரும் அக்காவும் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா எழுதவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போடாததால் நான் இந்தியன், சென்னையில் சர்க்கார் குமாஸ்தா. போட்டதால் அக்கா பிரெஞ்சுக்காரி. ஒரே வீட்டில் பிறந்தவர்கள்.

பையனிடம் அக்கா மகனின் ஓ.சி.ஐ. அட்டை நகலைக் காட்டினேன். குடியுரிமைச் சட்டத்தில் இந்த அட்டைக்குத் தகுதியானவர்கள் யார் என்று சொல்லும் இடத்தில், 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் என்று தனியாகவே இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதிய வரி அது. அந்த அட்டை இருந்தால் வீடோ கடையோ வாங்க ரிசர்வ் வங்கியிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் கூடாது. பையன் தலையாட்டினான். ஆனால் அவன் பட்டியலில் அந்த வரி இல்லை. கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய் இருபத்தாறு நாள் தூங்கியது.

இதற்கிடையில் அடுத்த கேள்வி: "அந்த நாட்டு கிரெடிட் ஸ்கோர் வேணும் சார்." நம் சிபில் மாதிரி மதிப்பெண் போடும் வழக்கம் பிரான்சில் கிடையாது. கடன் கட்டத் தவறியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அந்த நாட்டு மத்திய வங்கி வைத்திருக்கிறது. அதில் இவர் பெயர் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கலாம், அவ்வளவுதான். கடிதம் வந்தது. "ஸ்கோர் எங்கே சார் போட்டிருக்கு?" என்றான் பையன். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் ஒருநாள்கூட உதவாத என் பிரெஞ்சு அன்றைக்கு உதவும் என்று நினைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரை வேணும் சார்" என்றான். சம்பளச் சீட்டு, வரிச் சீட்டு எல்லாவற்றுக்கும் அதே கதைதான். நான் சிறுவயதிலிருந்து படித்த மொழி. மேஜையில் செல்லவில்லை.

எழுபதாவது நாள் வரை தகவல் இல்லை. அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. ஐந்து லட்சம் போனால் போகிறது, இத்தனை வருஷம் கழித்து ஊருக்கு வர நினைத்தவளிடம் "நீ இந்த ஊர்க்காரி என்று காகிதம் இல்லையாம்" என்று எப்படிச் சொல்வது? கடைசியில் கிளை மேலாளரைப் பார்த்தேன். அந்த அம்மாள் சட்டப் பிரிவுக்கு நேரே போன் போட்டு, ஓ.சி.ஐ. அட்டையே வம்சாவளிக்கு ஆதாரம், வேறு பாஸ்போர்ட் தேவையில்லை என்று எழுத்தில் வாங்கினார். எண்பத்திரண்டாம் நாள் கடன் அனுமதி. எண்பத்தெட்டாம் நாள் கிரயம்.

பிள்ளைகள் திரும்பி வரப்போகிறார்கள் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் தொண்ணூறு நாள் போதாது. நூற்றைம்பது கேளுங்கள். கடன் முப்பது லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் தொண்ணூறு சதவீதம், எழுபத்தைந்து லட்சம் வரை எண்பது, அதற்கு மேல் எழுபத்தைந்து சதவீதம்தான் உச்ச வரம்பு. இங்கே முத்திரை, பதிவுச் செலவு ஒன்பது சதவீதம் கடனில் சேராது, கைப்பணம்தான். தவணையை வெளிநாட்டிலிருந்து அனுப்பியோ, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ கட்டலாம். இங்குள்ள உறவினர் தம் வங்கிக் கணக்கு வழியாகவும் கட்டலாம். வெளிநாட்டு நோட்டாகக் கொடுக்கக் கூடாது. நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் சொல்லி என்.ஆர்.இ. கணக்கை மாற்றிவிட வேண்டும். வேலை இருக்கும்போதே கடனுக்கு விண்ணப்பியுங்கள். ஓய்வுக்குப் பின் சம்பளச் சீட்டு இருக்காது. வயதைப் பார்த்து இவனுக்கே பத்து வருஷத் தவணைதான் கொடுத்தார்கள்.

அக்கா பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீடுதானே தம்பி?" என்றாள்.

"பத்து வருஷத்துக்குப் பாங்க் வீடு அக்கா. அப்புறம் நம்மது" என்றேன்.

"அதுவரைக்கும் இருந்து பார்த்துடறேன்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.