பூவரசம் வேலி

சார்ஜாவில் என் அறைக்கு எதிரே ஒரு காஃப் மரம் நிற்கிறது. இந்த நாட்டின் தேசிய மரம் அது. முதல் நாளே அதை யாரென்று கண்டுகொண்டேன். நவராத்திரி முடிய மானம்பூத் திருவிழாவில் வாழையோடு சேர்த்து வெட்டுவார்களே, அந்த வன்னிதான்! அதற்கு ஆழத்தில் வேர் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். தெருவோரத்து மற்ற மரங்களின் அடியிலெல்லாம் கறுப்புக் குழாய் ஓடுகிறது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒருவரும் தண்ணீர் வார்க்காமலே நின்ற எங்கள் ஒழுங்கைப் பூவரசுகள் கண்ணுக்குள் வந்துவிடும்.

எங்கள் ஊருக்கும் ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணக்கல் பிடித்துவைத்துக் கிணற்றுக்குக் கொடுக்கும். அந்த மாரியில்தான் வேலிக்குக் கதியால் போடுவார்கள். பூவரசந் தடியை வெட்டி ஊன்றினால் போதும், தளிர்த்துவிடும். குழையை வெட்டிச் செம்பாட்டுத் தோட்டத்தில் புகையிலைக்குத் தாழ்ப்பார்கள். மிச்சம் ஆட்டுக்கு. எங்களுக்கு இலை. சுருட்டி நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ. திருவிழாக் காலத்தில் ஒழுங்கை முழுக்க நாதஸ்வரக்காரர்தான்!

"ஒவ்வொண்டா ஆயடா, கொப்பை முறிக்காத" என்று அம்மம்மா படலையடியில் நின்று சத்தம் போடுவா.

தவில் அடிக்கும் கழியும் பூவரசிலேதான் செய்வது என்று பிறகுதான் அறிந்தேன். தவிலின் உடல் பலா. எங்கள் வளவிலும் வேலியிலும் நின்ற மரங்களே கோயில் வீதியில் முழங்கியிருக்கின்றன என்று நினைக்க இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

பக்கத்து ஊர் இணுவில். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண். 1975இல் அவர் மறைந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அவர் வாசித்த இரவுகளை ஐயா சொல்லிச் சொல்லி, நானே கேட்டதுபோல் ஆகிவிட்டது. நான் கேட்டவை வேறு இரவுகள். மஞ்சவனப்பதி முருகன் கோயில் வீதியில் மணலில் பாய் விரித்து, கச்சான் சரையை மடியில் வைத்துக்கொண்டு, மேளச் சமா முடியும்வரை கண் கொட்டாமல் இருப்போம். இரண்டு தவில் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாய்ப் போகும்போது, கிழவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். தப்பினால் மட்டும் தலை நிமிரும். அப்படிப்பட்ட சபையை நான் பிறகு எந்த மண்டபத்திலும் காணவில்லை.

1995 ஐப்பசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வேலி காடாகி, கூரைக்கு மேலே வளர்ந்து நின்றது. வீட்டைக் காத்தது அதுதான் என்று அம்மம்மா நம்பினா.

போன வருடம் போயிருந்தேன். ஒழுங்கையின் இரு பக்கமும் மதில். வெளிநாட்டுக் காசில் எழும்பியவை, எங்களுடையதும் அதில் ஒன்று. உச்சி வெயிலில் சீமெந்து அனல் வீசியது. பெடியள் ஊத ஓர் இலை இல்லை.

வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது, கன்றுகள் கொடுக்கிறார்கள். ஊரிலிருக்கும் உறவுகளே, வருகிற கார்த்திகையில் மதிலுக்கு வெளியே, ஒழுங்கைப் பக்கமாக, இரண்டு பூவரசங் கதியால் ஊன்றிவிடுங்கள். எங்கள் மதிலடியில் முதலாவதை ஊன்ற நான் வருகிறேன்.