ஓப்பன் காரில் ஒழுகும் மழைநீர்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைப் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை பெய்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்து விடுகிறது. ஆவடியை அடுத்த வெள்ளானூரில், ஒரு வேப்ப மரத்தடியில், கேன்வாஸ் கூரை போட்ட பழைய ஜிப்ஸி ஒன்று நிற்பதாக வைத்துக் கொள்வோம். இரவெல்லாம் மழை. காலையில் கதவைத் திறந்தால் டிரைவர் காலடியில் ஒரு சொம்பு தண்ணீர்! இந்தத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது?

பெரும்பாலானோர் உடனே சொல்லும் பதில், "கூரை கிழிந்திருக்கும்" என்பதுதான். பல நேரங்களில் அது தவறு.

நம் ஊரில் ஓப்பன் கார் என்றால் பலருக்கும் சினிமாவில் வரும் வெளிநாட்டுக் கார்தான் நினைவுக்கு வரும். ஆனால் கூரையைக் கழற்றக் கூடிய வண்டிகள் இங்கேயும் ஓடியிருக்கின்றன. மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது. இராணுவமும் காவல்துறையும் அதை ஏராளமாகப் பயன்படுத்தின. சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இத்தாலியரான மிக்கலோட்டி வடிவமைத்த இந்தக் கார் 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதன் பாடி ஒரே கூடாக இல்லாமல் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. கூரையும் அப்படியே. அதனால்தான் இங்கிலாந்தில் அடுத்த ஆண்டே அதன் ஓப்பன் மாடலை எளிதாகக் கொண்டுவர முடிந்தது. ஆனால் எத்தனை இணைப்புகளோ, தண்ணீர் நுழைய அத்தனை வாசல்கள்!

ஈரம் ஒரு இடம், ஓட்டை வேறு இடம்

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுப்படியில் சொட்டுகிறது என்பதற்காக அதற்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றினால் ஒழுகல் நிற்காது. உடைந்த ஓடு நான்கு வரிசை தள்ளி இருக்கும். தண்ணீர் ரீப்பர் கட்டை வழியே ஓடி வந்து, இறங்க வசதியான இடத்தில் சொட்டும். காரிலும் இதே கதைதான். முன் கண்ணாடியின் மேல் மூலையில் நுழையும் நீர், பிரேமுக்குள்ளேயே இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடி, கடைசியில் காலடியில் தேங்கும். ஈரத்தைப் பார்த்து ஓட்டையைத் தீர்மானிப்பவர் ஏமாந்து போவார்.

இன்னொரு உண்மை இதைவிட முக்கியமானது. காருக்குள் தண்ணீர் நுழையவே கூடாது என்று எந்தக் காரையும் செய்வதில்லை. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக ஒவ்வொரு மழையிலும் கதவுக்குள் நீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. வைப்பருக்குக் கீழே காற்று போகும் சல்லடை உள்ள கார்களில் அதற்குள் விழும் நீருக்கும் வடிகால் உண்டு. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989 முதல் தயாரிக்கும் எம்.எக்ஸ்.-5 என்ற ஓப்பன் காரில், கூரையின் பின்பக்க நீரை வாங்கிக் கீழே விடவே இரண்டு குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் இலையும் மண்ணும் அடைத்துக் கொண்டால் நீர் காருக்குள் நிரம்பும்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருப்பது நாடறிந்த செய்தி. அங்கே தயாரான டி-72 டாங்கி, காற்றுக் குழாய் பொருத்திக் கொண்டு ஆற்றின் அடியிலேயே கடந்து போகக் கூடியது. அத்தனை இறுக்கமாக அடைக்கப்படும் அந்த இரும்புக் கோட்டைக்குள்ளும், கசியும் நீரை வெளியேற்ற ஒரு பம்பு உண்டு! டாங்கிக்கே அப்படி என்றால் கேன்வாஸ் கூரைக்குச் சொல்ல வேண்டுமா? ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எங்கே ஓட்டை?" என்பதல்ல, "எங்கே அடைப்பு?" என்பதுதான்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் மேட், கார்ப்பெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரையை நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஈரத்தைத் தேட முடியாது. மழையே இல்லாத நாளில் ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு காலடி நனைந்தால், அது மழைநீரே அல்ல, ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும்.

அடுத்து, கதவை அடித்துச் சாத்தும்போது உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். வந்தால் கதவடித் துளைகள் அடைத்துள்ளன என்று பொருள். பிறகு வடிகால்களில் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். ஊற்றிய நீர் காருக்கு அடியில் தரையில் விழ வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஓட்டையைத் தேட வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாக நீர் விட வேண்டும். வாட்டர் வாஷ் கடையின் வேகத்தில் அடித்தால் மழையில் நுழையாத இடத்திலும் நீர் நுழைந்து குழப்பிவிடும். கீழிருந்து தொடங்கி மேலே போவது அவசியம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனையும். எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். உள்ளே நியூஸ்பேப்பரைப் பரப்பி வைத்தால் முதல் சொட்டு எங்கே விழுந்தது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

கதவு ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். இறுக்கமாக வந்தால் பீடிங் நன்றாக இருக்கிறது. வழுக்கிக் கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கிவிட்டது.

சரி செய்வது எப்படி?

அடைப்பை எடுக்க நைலான் நரம்பு நல்லது. கட்டுக்கம்பியை விட்டுக் குத்தினால் ரப்பர் குழாய் கிழியும். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் இணைப்பே கழன்று போகலாம். வெயிலில் காய்ந்து இறுகிய பீடிங்கை மாற்றுவதே வழி. அதன் மேல் பசை தடவுவது நாலு மழைக்குத் தாங்காது. கேன்வாஸில் துணியைவிடத் தையல் துளைகளில்தான் கசிவு அதிகம். பிரிந்த தையலை மறுபடி தைத்து, வெளிப்பக்கம் மெழுகோ தையல் சீலரோ பூச வேண்டும்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி, கண்ட இடத்தில் எல்லாம் பிதுக்கி வைப்பது! வடிகால் துளையும் சேர்த்து அடைபட்டால் உள்ள தண்ணீரும் வெளியே போகாது. மேலும் வினிகர் போல வாடை அடிக்கும் சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெயிண்ட் போன இரும்பில் அதைத் தடவினால் துருவுக்கு நாமே விருந்து வைத்தது போலாகும்.

ஏன் இவ்வளவு கவலை?

கொஞ்சம் தண்ணீர்தானே, துடைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் மேட்டுக்கு அடியில் தங்கும் ஈரம் தரைத்தகட்டைத் தின்கிறது. சாதாரணக் காரில் வண்டியின் பலத்தில் ஒரு பங்கைக் கூரை தாங்குகிறது. கூரையில்லாத காரில் அந்தச் சுமையும் தரைக்கும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களுக்கும் வந்து சேர்கிறது. ஜிப்ஸி, ஹெரால்டு போலச் சேஸிஸ் தனியாக உள்ள வண்டிகள் ஓரளவு தப்பிக்கும். ஆனால் அவற்றிலும் சீட்டும் சீட் பெல்ட்டின் கீழ்ப்பிடியும் தரையில்தான் போல்ட் போட்டு நிற்கின்றன. விபத்து நேரத்தில் ஓர் உயிரைப் பிடித்து வைக்க வேண்டிய அந்த போல்ட், துருப்பிடித்த தகட்டோடு பிய்த்துக் கொண்டு வந்தால்?

பழைய ஓப்பன் வண்டி வாங்க நினைப்பவர்கள் பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்கக் கூடாது. துருவின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது சுலபம். ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் போனால் போதும்; இரும்பில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. மேட்டைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேரம் பேசாமல் இருப்பதே நல்லது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். ஓப்பன் கார் வைத்திருப்பவர்களுக்கு அணையை விட வாய்க்கால்தான் முக்கியம். புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு முழம் நைலான் நரம்பு, ஒரு குவளை தண்ணீர்... செலவு அவ்வளவுதான். அதைச் செய்யாமல் விட்டால் டிங்கர் கடையில் தரைத்தகட்டை வெட்டி வெல்டிங் வைக்க ஆகும் செலவு பல ஆயிரம்!