துணி குடிக்க வேண்டும்

கேன்வாஸில் வாட்டர்கலர் நிற்குமா என்று ஓவிய மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். துணியில் தண்ணீர் நிறம் பூசியே பிழைத்த ஒருவரிடம் இதைக் கேட்க நினைத்து, தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கிக் கடத்தூருக்கு பஸ் ஏறினேன். நான் பார்க்கப் போன பெரியவர் கட்சி பேனர், கோயில் திருவிழாத் தட்டி, நாடகத்துக்குச் சீன் படுதா என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர்.

கேள்வியைக் கேட்டதும் திண்ணையில் இரண்டு துணிகளை விரித்தார். ஒன்று நான் கொண்டுபோன கேன்வாஸ், கடையில் அக்ரிலிக் ப்ரைமர் பூசி விற்பது. மற்றது அவரே பதம் செய்த காடாத் துணி. ஒரே நீலத்தை இரண்டிலும் இழுத்தார். கேன்வாஸில் நிறம் திட்டுத்திட்டாக ஒதுங்கியது. காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவினார். அடியில் இருந்த வெள்ளை தெரிந்தது. காடாவில் விளிம்பு மட்டும் லேசாகக் கலங்கியது.

“துணி குடிக்கணுங்க. குடிக்காத துணியில நிறம் மேலாக்கதான் உக்காந்திருக்கும்.”

விஷயம் அவ்வளவுதான். வாட்டர்கலரைப் பிடித்து வைப்பது மரப்பிசின். காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் அது மறுபடி கரையும். காகிதத்தில் நார் நிறத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அக்ரிலிக் பூச்சோ வாசலை அடைத்துவிடுகிறது. இதற்கென்றே உறிஞ்சும் அடிப்பூச்சுகள் இப்போது டப்பாவில் வருகின்றன. அவற்றின் மேல் வரைந்த படத்துக்கும் கடைசியில் வார்னிஷைத் தூரிகையால் பூசக்கூடாது, தெளிக்க வேண்டும்.

பெரியவரின் அடிப்பூச்சு புளியங்கொட்டையிலிருந்து வருகிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளிக்குப் பஞ்சமே இல்லை. கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, இரவெல்லாம் ஊறவைத்து அரைத்து, கைவிடாமல் கிண்டிக் காய்ச்சுகிறார். கரண்டியிலிருந்து கூழ் அறுபடாமல் இறங்கும்போது அடுப்பை அணைக்கிறார். பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம். வடிகட்டிய பசையில் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் மெல்லிசாகப் பூசுகிறார். காய்ந்ததும் குறுக்கு வாட்டில் இன்னொரு பூச்சு, பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பு. பசை கூடினால் துணியைச் சுருட்டும்போது வெடிக்கும். சுண்ணாம்பு கூடினால் உதிரும். அளவு எங்கும் எழுதி வைக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார்.

ஒடிசாவின் ரகுராஜ்பூரில் பட்டச்சித்திரம் எழுதுபவர்களும் இதே புளியங்கொட்டைப் பசையையும் சுண்ணத்தூளையும் துணியில் ஏற்றித்தான் எழுதுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியப் பலகைக்கும் புளியங்கொட்டைப் பசை உண்டு. கேன்வாஸ் என்றாலே எண்ணெய் வண்ணம் என்ற நினைப்பு நமக்குப் பின்னால் வந்தது. கோவில்பட்டியில் காலண்டர் சாமிப் படங்களுக்குப் பேர்போன சி. கொண்டையராஜுவும் (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவரே. பொடி வண்ணத்தில் வச்சிரப் பசையைக் கலந்து ஆள் உயரத்துக்கு மேல் அரண்மனையும் காடும் எழுதிய கைகள் இந்த மண்ணில் ஏராளம். அவற்றை நாம் ஓவிய வரலாற்றில் சேர்க்கவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ஃபிளெக்ஸ் வந்ததும் பெரியவரின் வேலை நின்றது. ஒரு ராத்திரியில் அச்சடித்துக் கொடுக்கும் மெஷினோடு மூன்று நாள் தூரிகை பிடிப்பவர் எப்படிப் போட்டியிடுவார்? பலர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார்கள். இவருக்குக் கை நடுங்குகிறது. பசையின் பக்குவம் மட்டும் தப்பவில்லை.

தருமபுரி மாவட்டத்து ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பேனர் எழுதிய பழைய ஆள் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள், பிள்ளைகள் முன்னால் ஒருமுறை பசை காய்ச்சச் சொல்லுங்கள். அந்த நாளுக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.